ஒரு பேருந்து மூன்று கார், ஒரு மனுஷி பூஜ்யம்

போன சம்பா நடவு சமயம். காலை ஆறு மணி. கும்பகோணம்–திருவையாறு சாலையில், சுவாமிமலை பேருந்து நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தூங்குமூஞ்சி மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் அட்டை, அட்டையில் படிவம், கையில் பேனா. வண்டி போகப் போகக் கோடு போடுகிறார்கள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. போக்குவரத்துக் கணக்கெடுப்பு. டிப்ளமோ முடித்துவிட்டு நாள் கூலிக்கு வந்த பிள்ளைகள்.

நான் பேருந்துக்குக் காத்திருந்தேன். ஒரு குட்டி யானை வந்தது. பின்னால் பெண்கள், நின்றுகொண்டும் குந்திக்கொண்டும். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடவுக்குப் போகிறார்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியும், எங்கள் மகளிர் குழுவில் இருப்பவர்கள். கை காட்டினார்கள். வண்டி கடந்தது. பையன் ஒரு கோடு போட்டான். எந்தக் கட்டத்தில் என்று எட்டிப் பார்த்தேன். “இலகு சரக்கு வாகனம்.”

“தம்பி, அதுல இருந்த ஆளுங்களை எங்க எழுதுவீங்க?”

“ஆளுக்குக் கட்டம் இல்லைங்கக்கா. வண்டி மட்டும்தான்.”

“அப்ப நடந்து போறவங்க?”

பையன் சிரித்தான். “அவங்க போக்குவரத்துல வர மாட்டாங்கக்கா.”

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்த படிவத்தை ஒழுங்காக நிரப்பினான். படிவத்தை எழுதியது யார், அதில் யாருக்குக் கட்டம் போட்டார்கள், யாருக்குப் போடவில்லை என்பதுதான் என் கேள்வி. “வண்டி எண்ணுவதில் என்ன சாதி இருக்கிறது?” என்று கேட்கும் நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணும் முறை

மக்கள் எவ்வளவு வண்டி ஓட்டுகிறார்கள், அது வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்று அளப்பது சின்ன வேலை இல்லை. எந்தச் சாலை அகலமாகும், எந்த வயல் கையகமாகும், எந்த ஊருக்குப் பாலம் வரும், எந்தத் தடத்தில் பேருந்து நிற்கும் என்பதெல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

நம் நாட்டில் இதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு விதி எழுதி வைத்திருக்கிறது. நகரத்துக்கு வெளியே உள்ள சாலைகளில் வண்டி எண்ணுவதற்கான விதி 1972-ல் வந்தது. வருஷத்துக்கு இரண்டு முறையாவது, ஒவ்வொரு முறையும் ஏழு நாள், இரவும் பகலும் எண்ண வேண்டும். ஒரு முறை அறுவடையும் விற்பனையும் மும்முரமாக இருக்கும் காலத்தில், இன்னொரு முறை மந்தமான காலத்தில். அறுவடைக் காலத்தைக் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்கள், கவனியுங்கள். நெல்லு மூட்டை எந்த மாசத்தில் சாலைக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நெல்லை அறுத்தவள் எந்தச் சாலையில் எப்படி வந்தாள் என்பது அவர்கள் கேள்வியாக இல்லை.

எண்ணிய பிறகு எல்லா வண்டியையும் ஒரே அளவுக்கு மாற்றுவார்கள். அந்த அளவின் பெயர் ‘பயணிகள் கார் அலகு’. 1990-ல் வந்த விதிப்படி ஒரு கார் 1. மோட்டார் சைக்கிள் 0.5. சைக்கிளும் 0.5. குட்டி யானை வகையறா 1.5. பேருந்தும் லாரியும் 3. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் 4.5. மாட்டு வண்டி 8. இப்படிக் கூட்டி, சமவெளியில் ஓர் இருவழிச் சாலை ஒரு நாளைக்கு 15,000 அலகு தாங்கும் என்று வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் சாலை போதவில்லை, அகலப்படுத்து என்று அர்த்தம்.

இந்தப் பட்டியலைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். அறுபது பேர் ஏறிய நகரப் பேருந்து மூன்று காருக்குச் சமம். அந்த மூன்று காரிலும் ஆளுக்கொருத்தர் உட்கார்ந்து கிருத்திகைக்குச் சாமி கும்பிட வந்தாலும் அதே 3 தான். நம் பத்தொன்பது பெண்கள் போன வண்டி ஒன்றரைக் கார். சாலை ஓரத்தில் மண்வெட்டியோடு நடந்தவர்கள் பூஜ்யம்.

பொறியியல் படித்தவர்கள் உடனே சொல்வார்கள்: “இது ஆளை எண்ணும் அளவு கிடையாது, சாலையில் ஒரு வண்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்கும் அளவு.” சரி, ஒப்புக்கொள்கிறேன். மாட்டு வண்டிக்கு 8 போட்டதும் அது மெதுவாகப் போய்க் காரை மறிக்கிறது என்பதால்தான். கார்க்காரருக்கு யார் எவ்வளவு இடைஞ்சல் என்று பார்க்கும் அளவு இது. இடைஞ்சலை அளக்கட்டும், தப்பில்லை. ஆனால் அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு போய் “மக்கள் தேவை” என்று திட்ட அறிக்கையில் எழுதுகிறார்களே, அங்கேதான் மோசடி. சாலைக்கு எது இடைஞ்சல் என்று அளந்துவிட்டு, மனிதர்களுக்கு எது தேவை என்று முடிவு சொல்கிறார்கள்.

கேட்கப்படாத 28 கோடிப் பேர்

சாலையோரத்தில் எண்ணுவது ஒரு வழி. இன்னொரு வழி வீட்டுக்குப் போய் ஆளைக் கேட்பது. நீ தினம் எங்கே போகிறாய், எதில் போகிறாய், எவ்வளவு தூரம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தக் கேள்வி இருந்தது. வேலைக்குப் போகும் தூரமும் போகும் விதமும் கேட்டார்கள்.

யாரிடம் கேட்டார்கள் தெரியுமா? கணக்கெடுப்பு உழைப்பவர்களை நாலு வகையாகப் பிரிக்கிறது. விவசாயிகள் 11.88 கோடி, விவசாயக் கூலிகள் 14.43 கோடி, வீட்டுத் தொழில் செய்பவர்கள் 1.83 கோடி, ‘மற்றவர்கள்’ 20.04 கோடி. பயணக் கேள்வி அந்த நாலாவது வகைக்கு மட்டும்தான். முதல் மூன்று வகையில் வரும் 28 கோடிப் பேரிடம் நீ வேலைக்கு எப்படிப் போகிறாய் என்று கேட்கவே இல்லை. இன்றுவரை ஆய்வாளர்களும் பத்திரிகைகளும் “இந்தியர்கள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள்” என்று கட்டுரை எழுதும்போது எடுத்துக் காட்டுவது இந்த அட்டவணையைத்தான்.

நாட்டின் மொத்த உழைப்பாளிகளில் விவசாயக் கூலிகள் நூற்றுக்கு 30 பேர். பட்டியல் சாதி உழைப்பாளிகளை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 46 பேர். டெல்டாவில் இது வெறும் சதவீதக் கணக்கு இல்லை, நம் தெரு. திருவாரூரிலும் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்திலும் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பட்டியல் சாதி. கேள்வியை எங்கே நிறுத்தினார்களோ, அங்கேதான் சேரி ஆரம்பிக்கிறது.

ஏன் கேட்கவில்லை? விவசாயக் கூலி என்றால் இருக்கிற ஊரிலேயே வேலை, பக்கத்து வயலில் வேலை, அதற்கு என்ன பயணம் என்ற நினைப்புதான். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பண்ணையாள் பண்ணையை விட்டு நகரக் கூடாது. அவன் இருப்பதும் சாவதும் மிராசுதார் மனையில். பண்ணையாளுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று ஒன்று வரவே 1952 ஆயிற்று. எழுபது வருஷம் கழித்து, பண்ணை போய்விட்டது, மிராசு போய்விட்டது, அந்தக் கற்பனை மட்டும் கணக்கெடுப்புப் படிவத்தில் உயிரோடு இருக்கிறது: கூலிக்காரன் எங்கேயும் போக மாட்டான்.

உண்மையில் இன்று டெல்டாவில் அதிகம் அலைகிறவர்கள் கூலிக்காரப் பெண்கள்தான். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு உள்ளூர் வயலில் கிடைக்கும் நாட்கள் சுருங்கிவிட்டன. இன்று இந்த ஊர், நாளைக்கு ஆறு தாண்டி, மறுநாள் அடுத்த தாலுக்கா. கங்காணி சொல்லும் இடத்துக்குக் குட்டி யானை போகும். வண்டி வாடகை கூலியில் கழியும். சரக்கு ஏற்றும் வண்டியில் ஆளை ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் நம் பெண்களுக்கு ஞாபகப்படுத்தப்படுவது வண்டி கவிழ்ந்த பிறகு, இழப்பீடு மறுக்கும்போது. உயிரோடு போகும்போது சரக்காக எழுதினார்கள். அடிபட்டால் “சரக்கு வண்டியில் ஏன் ஏறினாய்” என்கிறார்கள்.

அறிவு வேறு இடத்தில் எப்படி இருக்கிறது

அமெரிக்காவில் சாலைகளில் நிரந்தரமாகப் பொருத்திய சுமார் 5,000 எண்ணும் இடங்களை வைத்து, நாடு முழுக்க வண்டிகள் மொத்தம் எத்தனை மைல் ஓடின என்று மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் மாசாமாசம் வெளியிடுகிறது. அதோடு 1969-லிருந்து சில வருஷங்களுக்கு ஒரு முறை வீடுகளையும் கேட்கிறார்கள். வருமானம் என்ன, இனம் என்ன, வீட்டில் கார் உண்டா, நேற்று எங்கெங்கே போனாய்? அதனால்தான் 2000-களின் நடுவில் தொடங்கிப் பத்தாண்டு போல ஆளுக்கு ஓட்டும் தூரம் குறைந்ததை அவர்களால் பார்க்க முடிந்தது. கறுப்பின மக்களின் இயக்கங்களும் இந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டுதான் “காரில்லாத வீடுகள் எங்கள் தெருவில்தான் அதிகம், நெடுஞ்சாலைக்கு மட்டும் ஏன் காசு?” என்று கேட்க முடிந்தது. மாண்ட்கோமரியில் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் பேருந்தைப் புறக்கணித்து, நடந்தும் ஒருவர் காரில் ஒருவர் ஏறியும் வேலைக்குப் போன மக்கள் அவர்கள். பயணம் என்பது அரசியல் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

இங்கே மொத்த ஓட்டத்தை ஊகிக்க மூன்று கணக்குகளைக் காட்டுவார்கள். ஒன்று, பதிவான வண்டிகள். 2020 மார்ச்சில் சுமார் 32.6 கோடி. பதிவுப் புத்தகத்தில் ஏறிய வண்டி துருப்பிடித்துக் கொல்லையில் கிடந்தாலும் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு, பெட்ரோல் விற்பனை. 2013-14-ல் 1.7 கோடி டன், 2023-24-ல் 3.7 கோடி டன். பத்து வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். யார் வண்டியில் ஊற்றியது என்று பெட்ரோல் சொல்லாது. மூன்று, சுங்கச்சாவடியின் ஃபாஸ்டாக். இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை என்பதால் அது அந்தக் கணக்கிலேயே இல்லை. நம் ஆட்கள் கையில் வண்டி என்று இருந்தால் அது பெரும்பாலும் இரு சக்கர வண்டிதான்.

வகுக்கும் எண்ணில் செய்யும் வித்தை

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த ஒன்றை மறக்காதீர்கள். எதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் அரசியல் ஒளிந்திருக்கும்.

1970-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் சுமார் 14,500 பேர். அப்போது வண்டிகள் சுமார் 14 லட்சம். பத்தாயிரம் வண்டிக்கு நூறு சாவுக்கு மேல். 2022-ல் இறந்தவர்கள் 1,68,491 பேர். வண்டிகள் கோடிக்கணக்கில் பெருகிவிட்டதால் பத்தாயிரம் வண்டிக்கு ஐந்து என்ற அளவில்தான் வரும். நூறிலிருந்து ஐந்து! சாலைகள் இருபது மடங்கு பாதுகாப்பாகிவிட்டன என்று வரைபடம் போட்டுக் கைதட்டலாம். செத்தவர்கள் பதினோரு மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறார்கள் என்பது அந்த வரைபடத்தில் தெரியாது. ஒருவன் புதுக் கார் வாங்கினால், நடந்து போய் அடிபட்டுச் செத்தவளின் சாவு காகிதத்தில் கொஞ்சம் சிறுத்துவிடுகிறது.

அந்த 2022-ல் இறந்தவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். எண்ணும்போது பாதியும் பூஜ்யமுமாக இருந்தவர்கள் பிணக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறார்கள். சாலையில் மதிப்பில்லாதவர்களுக்குச் சவக்கிடங்கில் முழு மதிப்பெண் கிடைக்கிறது.

சேரிக்குச் சாலை போடுவதிலும் இதே வித்தைதான். பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் வந்தது. சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும், சாலை இணைப்பில்லாத குடியிருப்புகளுக்குச் சாலை. நல்ல விஷயம்தான், வண்டியை விட்டு ஆளை எண்ணினார்கள். ஆனால் ‘இணைப்பில்லாத’ என்பதற்கு விளக்கம், ஏற்கெனவே உள்ள சாலையிலிருந்தோ இணைக்கப்பட்ட குடியிருப்பிலிருந்தோ 500 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது. சேரி எங்கே இருக்கிறது? ஊருக்கு வெளியே, ஆனால் கூப்பிட்டால் ஓடி வரும் தூரத்தில். நடுவில் ஒரு வாய்க்கால், நாலு வயல். முந்நூறு மீட்டரோ நானூறு மீட்டரோ. ஊருக்குச் சாலை இருப்பதால் சேரிக்கும் சாலை இருக்கிறது என்று காகிதம் சொல்லும். அந்த நானூறு மீட்டரைச் சேற்றில் கடந்துதான் நம் ஆட்கள் கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், வரப்பில் பாடை தூக்கிப் போகிறார்கள்.

ஓட்டத் தெரிந்தவன், ஓட்ட விடப்படாதவன்

“தோழர், இது கார்பன் காலம். எல்லாரும் வண்டி ஓட்டுவதைக் குறைக்க வேண்டும். நீங்கள் இன்னும் எண்ணச் சொல்கிறீர்களே?” என்று சூழலியல் நண்பர்கள் கேட்பார்கள். குறைக்கட்டும். யார் எவ்வளவு ஓட்டுகிறார்கள் என்று தெரியாமல் யாரைக் குறைக்கச் சொல்வது? சராசரி என்பது பணக்காரன் ஓட்டிய தூரத்தை நம் தலையிலும் பங்கு போட்டு ஏற்றுவது.

இன்னொன்று. நமக்கு ஓட்டுவது என்பது வெறும் கிலோமீட்டர் இல்லை. 1901-ல் அப்பாவைப் பார்க்கப் போன சிறுவன் அம்பேத்கருக்கு மசூர் ரயில் நிலையத்தில் வண்டி ஓட்ட ஒருவரும் வரவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்தார். 1929-ல் அவர் படித்துப் பட்டம் பெற்று, தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்கும் அரசுக் குழு உறுப்பினராகச் சாலிஸ்காவ் போனபோதும் குதிரை வண்டிக்காரர்கள் ஓட்ட மறுத்தார்கள். ஓட்டிப் பழகாத சொந்தச் சாதிக்காரர் ஒருவர் ஓட்டி, வண்டி விபத்தாகி, அண்ணலின் கால் முறிந்தது. ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று சொன்ன தெருக்கள் நம் அப்பாக்களுக்குத் தெரியும். அந்தக் கிலோமீட்டர்களை எந்தக் கருவி எண்ணும்?

அதற்காகப் பைக்தான் விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. மாசத் தவணை கட்ட முடியாமல் வண்டியை இழந்த பிள்ளைகளையும், ராத்திரி வேலை முடிந்து வரும் வழியில் செத்த பிள்ளைகளின் வீடுகளையும் என் வேலையில் பார்க்கிறேன். 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதனால் ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அதை எப்படிச் சொல்ல முடிந்தது? பெண்களையே போய்க் கேட்டதால். கேட்டால் பதில் கிடைக்கும், பதில் கிடைத்தால் திட்டத்தைக் காப்பாற்றலாம். விடிகாலை ஐந்தரைக்குச் சேரி முனையிலிருந்து வயல்காட்டுப் பக்கம் ஒரு பேருந்து விட்டால் குட்டி யானைக்குக் கூலியில் கழிவது நிற்கும். அந்தப் பேருந்தைக் கேட்டால், “அந்தத் தடத்தில் பயணிகள் இல்லை” என்பார்கள். எண்ணாமலே இல்லை என்பார்கள்.

என்ன செய்யலாம்

தேசியப் புள்ளியியல் அலுவலகம் முதல்முறையாக நாடு தழுவிய குடும்பப் பயணக் கணக்கெடுப்பை 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை என்று வைத்திருக்கிறது. 2027 மார்ச் 1-ஐத் தேதியாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இம்முறை எல்லாச் சாதியையும் எண்ணி. இரண்டையும் விடக் கூடாது. கோரிக்கை இரண்டு. பயணக் கணக்கெடுப்பு முடிவுகளைச் சமூகப் பிரிவு வாரியாக, ஆண் பெண் வாரியாக வெளியிடு. வேலைக்குப் போகும் பயணத்தை விவசாயக் கூலிகளிடமும் கேள்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். கல்லூரித் தோழர்களே, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். உங்கள் தெரு, ஏழு நாள். நடவில் ஒரு வாரம், வேலையில்லாக் காலத்தில் ஒரு வாரம். யார், எங்கே, எதற்கு, எதில், எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு, எவ்வளவு காசு, அந்த வண்டியில் எத்தனை பேர். நடந்தவர்களை முதலில் எழுதுங்கள். பக்கத்துச் சாலையில் அரசு எடுத்த போக்குவரத்துக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஊராட்சி என்றால் கிராம சபையில், சுவாமிமலை போலப் பேரூராட்சி என்றால் வார்டு உறுப்பினரிடமும் ஆட்சியரின் மனு நாளிலும் கொடுங்கள்.

சுவாமிமலை கோயிலுக்கு அறுபது படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு தமிழ் வருஷத்தின் பெயர் சொல்வார்கள். கல்லைக்கூட எண்ணிப் பெயர் வைத்த ஊர் இது. அன்றைக்குச் சாயங்காலம் அதே குட்டி யானை திரும்பி வந்தது. அதே மரத்தடியில் வேறு இரண்டு பையன்கள். காலில் சேறு காயாமல் பத்தொன்பது பேர் இறங்கினார்கள். ஒரு கோடு விழுந்தது.

எங்கள் மகளிர் குழு நோட்டில் நான் பத்தொன்பது கோடு போட்டேன்.

ஜெய் பீம்.